கயிறு அவள் கையில் இருந்தது

நான் ஒன்பதாம் ஆண்டு படித்தபோது எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அகன்ற தொப்பியும் தேய்ந்த பூட்ஸும் போட்ட ஒரு பெண் வந்தார். மாட்டுப் பண்ணையில் பிறந்து வளர்ந்தவர். மாட்டிறைச்சித் தொழிலுக்கு இளம்பிள்ளைகளைச் சேர்க்கவேண்டும் என்பதற்காகப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்க் கதைத்துக்கொண்டிருந்தவர். எங்கள் பள்ளிக்கூடம் சிட்னியின் மேற்குப் பக்கத்தில், ரயில் பாதைக்கும் கார் கராஜ்களுக்கும் நடுவில் இருந்தது. மாட்டைக் கிட்டத்தில் நின்று பார்த்த பிள்ளைகளே அங்கே குறைவு. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. மண்டபத்துத் திரையில் படம் படமாகக் காட்டினார். மாட்டு வைத்தியர், தீவனம் வகுத்துக் கொடுப்பவர், ட்ரோன் பறக்கவிட்டு மந்தையைத் தேடுபவர், இறைச்சியைத் தரம் பிரிப்பவர், அதை ஜப்பானுக்கு விற்பவர். எல்லாரும் டாக்டராகவும் அக்கவுண்டன்டாகவும்தான் வரவேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார். எங்கள் வரிசையில் இருந்த எல்லாரும் அவரவர் தாயை நினைத்துச் சிரித்தோம்.

பிறகு, இங்கே யாருடைய வீட்டிலாவது மாட்டோடு சம்பந்தப்பட்ட வேலை பார்ப்பவர் இருக்கிறாரா என்று கேட்டார்.

என் வீட்டில் இருந்தார். நாங்கள் இலங்கையில் இருந்து வந்து லிட்கமில் குடியேறிய வருடத்திலேயே அப்பா ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டார். எலும்பில் இருந்து இறைச்சியைப் பிரித்தெடுக்கும் பகுதியில் அவருக்கு வேலை. விடியுமுன் போய், பின்னேரம் வந்து, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுப் பேசாமல் இருப்பார். மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் காருக்குள் அம்மா ஒவ்வொரு கிழமையும் எங்களுக்கு ஞாபகப்படுத்துவார்: "அப்பாவுக்கு என்ன வேலை எண்டு ஆரும் கேட்டா ஃபூட் கம்பனி எண்டு சொன்னாக் காணும்." அப்பா அதைக் கேட்டுக்கொண்டு ஓட்டுவார். அன்றைக்கு மண்டபத்தில் நான் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

எனக்குப் பக்கத்தில் இருந்தவள் கையை உயர்த்தினாள். என் சிநேகிதி. கோயம்புத்தூரில் இருந்து வந்தவள், தகப்பன் கம்ப்யூட்டர் கம்பனியில் வேலை. ஏழாம் ஆண்டில், ஆங்கிலம் போதாத பிள்ளைகளுக்கான வகுப்பில் இருவரையும் ஒரே மேசையில் இருத்தினார்கள். அப்படித்தான் சேர்ந்தோம். என் அப்பாவின் வேலையை நான் சொல்லியிருந்த ஒரே ஆள் அவள். பிறந்ததில் இருந்து இறைச்சி தொடாதவள். பிறந்தநாள் கேக்கில் முட்டை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பாள். அவள் எழுந்து நின்று, "மாடு நாள் முழுக்கப் புல்தானே தின்கிறது, அதற்கு எதற்குச் சாப்பாட்டுத் திட்டம் போட ஓர் ஆள்?" என்று தன் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டாள். மண்டபமே சிரித்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. மேடையில் இருந்து இறங்கி எங்கள் வரிசைக்கு வந்து, மாட்டின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று அவளுக்கு மட்டும் சொல்வதுபோலச் சொன்னார். போகும்போது தன் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்துவிட்டுப் போனார்.

தொப்பி அவளுக்குப் பெரிது. ஆனாலும் வடிவாக இருந்தது. எனக்குப் பொறாமை அன்றைக்குத்தான் தொடங்கியது.

அந்த வருகைக்குப் பிறகு எங்கள் விவசாய ஆசிரியை ஒரு மாட்டுக் குழு தொடங்கினார். பள்ளிக்கூடத்துப் பின்பக்கத்தில், கோழிக்கூடும் கீரைப் பாத்தியுமாக ஒரு சின்னப் பண்ணை இருந்தது. அதில் ஒரு மூலையை வேலியடைத்து, பண்ணைக்காரர் ஒருவர் கொடுத்த காயடித்த கறுப்புக் காளை ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். ஸ்டியர் என்பார்கள். அதைக் குளிப்பாட்டி, மயிர் சீவி, கயிற்றில் நடக்கப் பழக்கி, ஈஸ்டர் காலத்துப் பெரிய கண்காட்சிக்குக் கொண்டுபோவது எங்கள் வேலை. கண்காட்சி முடிந்தால் அது இறைச்சிக்குப் போகும் என்பதை ஆசிரியை முதல் நாளே மறைக்காமல் சொன்னார். சரியில்லை என்று நினைப்பவர்கள் இப்போதே விலகலாம் என்றும் சொன்னார்.

குழுவில் முதலில் பெயர் கொடுத்தது நான். "நீ போனா நானும் வர்றேன். தனியா வீட்டுக்கு நடந்து போறதுக்கு போரடிக்கும்" என்று அவள் பின்னால் வந்தாள். அவளை அங்கே கூட்டிக்கொண்டு போனது நான்தான். இதை நான் எத்தனையோ தரம் எனக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவளுடைய வீட்டில் விவசாயக் கழகம் என்று சொல்லிவைத்திருந்தாள். அவள் அம்மா அதைக் கத்தரிக்காய், தக்காளி என்று நினைத்துக்கொண்டு, கறிவேப்பிலைக் கன்று ஒன்றைக்கூடக் கொடுத்துவிட்டார்.

கயிறு முதலில் என் கையில் கிடைத்தது. அந்தக் கறுப்பன் என்னோடு நடக்கமாட்டான். இழுத்தால் முன்காலை ஊன்றிக்கொண்டு நிற்பான். தட்டினால் என் பக்கம் சாய்ந்து வேலியோடு நெரிப்பான். ஆசிரியை சொன்னதை எல்லாம் செய்தேன். தோளுக்குப் பக்கத்தில் நின்றேன், கயிற்றைத் தளர்த்தினேன், முகத்தைப் பார்க்காமல் விட்டேன். என் பூட்ஸ் சேற்றில் புதைந்ததுதான் மிச்சம். ஒருநாள் எனக்குக் கை வலித்து, "கொஞ்சம் பிடி" என்று அவளிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அவள் அவனைக் கூட்டிக்கொண்டு வேலியைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தாள். கயிறு இருவருக்கும் நடுவில் தொய்ந்து கிடந்தது.

"என்னடி செஞ்சனீ?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணல. வாடா தங்கம், போலாம்னேன். வந்துட்டான்."

அடுத்த நாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து நானும் சொல்லிப் பார்த்தேன். வாடா ராசா, வா செல்லம், வாங்கோ என்றுகூடச் சொன்னேன். அவன் அசைபோட்டுக்கொண்டு நின்றான்.

அதன் பிறகு நான் சாணி அள்ளவும் வாலைக் கழுவவும் பழகிக்கொண்டேன். ஒருவரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. கயிறு தானாகவே அவள் கைக்குப் போய்விட்டது. ஆசிரியை மாட்டைப் பற்றி ஏதும் சொல்லும்போது கண் அவளிடம் போவதை நான் கவனிக்கத் தொடங்கினேன். மற்றவர்களையும் பார்க்கிறார், ஆனால் சொல்லி முடிக்கும்போது அவளிடம்தான் வந்து நிற்கிறார். நாங்கள் ரயில் பாதையோரம் வீட்டுக்கு நடந்து போகும்போது அவள் கறுப்பனைப் பற்றியே கதைப்பாள். நான் ஓம், ஓம் என்பேன். அவளை வெறுத்தேன் என்று சொல்லமுடியாது. அவளோடு நடக்காமல் என்னால் இருக்கவும் முடியவில்லை. ஆனால் அவளுக்குக் காய்ச்சல் வந்து ஒரு கிழமை வீட்டில் நிற்கவேண்டும் என்று முருகனிடம் கேட்டிருக்கிறேன். காய்ச்சல் எனக்குத்தான் வந்தது.

ஒரு சனிக்கிழமை காலை பண்ணைக்குப் போவதற்காக அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பா கார் நிறுத்தும் இடத்தில் கதிரையைப் போட்டு இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது.

"அங்கிள், உங்க வேலை எப்படி இருக்கும்?" என்று அவள் கேட்டாள். படிப்பு எப்படி, பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டாள்.

அப்பா "அது ஒரு வேலை" என்று முடித்துவிடுவார் என்று நினைத்தேன். எங்களிடம் அப்படித்தான் முடிப்பார்.

"குளிர்" என்றார். "முதல்ல ஞாபகம் வாறது குளிர்தான் பிள்ளை. ஃபிரிட்ஜுக்குள்ள நிண்டு வேலை செய்யிற மாதிரி."

"முத நாள் பயமா இருந்துச்சா?"

"ஓம். இரும்பு வளையத்தில பின்னின கையுறை ஒண்டு தந்தவங்கள். அதை எந்தக் கையில போடுறது எண்டே எனக்குத் தெரியேல்லை. தேத்தண்ணி நேரத்தில போய்க் கக்கூசில சத்தி எடுத்தனான். டொங்காத் தீவுக்காரன் ஒருத்தன் பின்னால வந்து முதுகைத் தடவி, இஞ்சி இனிப்பு ஒண்டு தந்தவன். அண்டையில இருந்து மாட்டிறைச்சி எனக்குச் சாப்பிட ஏலாது."

"அப்புறம் ஏன் அங்கிள் வேலைய விடல?"

அப்பா தோடம்பழச் சுளை ஒன்றை அவளிடம் நீட்டினார். "கொஞ்ச நாளில என்ர கத்தி நல்லா ஓடத் தொடங்கிட்டுது. சூப்பவைசர் நிண்டு பாத்துப்போட்டு, நீ நல்லாச் செய்யிறாய் எண்டு சொன்னவன். இந்த நாட்டுக்கு வந்து எனக்கு ஒருத்தர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான்."

நான் தேத்தண்ணிக் கோப்பையோடு குசினி வாசலில் நின்றேன். அப்பா மாட்டிறைச்சி சாப்பிடாதது கோயிலுக்காக என்றுதான் அந்த நாள் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். டொங்காக்காரரைப் பற்றி எனக்குத் தெரியாது. சத்தி எடுத்தது தெரியாது. எங்கள் வீட்டுக் கதை என்னைத் தாண்டி, நேற்று வந்தவளிடம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. அவள் சுளையை வாயில் போட்டுக்கொண்டு தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கறுப்பனைக் கயிற்றில் பிடித்ததும் இந்த முகத்தோடுதான் என்று தோன்றியது. அவள் யாரையும் இழுக்கமாட்டாள்.

தேத்தண்ணியை அப்பாவுக்குக் கொடுத்தேன். அவளுக்குக் கொடுக்கவில்லை. "எனக்கு?" என்று கேட்டாள். "நேரமாச்சு, வா" என்றேன்.

கண்காட்சி மைதானம் எங்கள் வீட்டுக்குக் கிட்டத்தான். ஈஸ்டர் நாட்களில் லிட்கமில் இருந்தே ரயில் நிரம்பிப் போகும். ராட்டினத்துக்கும், இனிப்பும் விளையாட்டுச் சாமானும் நிரப்பி விற்கும் பைகளுக்கும் ஆசைப்பட்டு முன்பும் போயிருக்கிறேன். மாட்டுக் கொட்டகைக்குள் போனது அந்த வருடம்தான். வைக்கோலும் ஷாம்பூவும் சாணியும் கலந்த மணம். நாட்டுப்புறத்துப் பிள்ளைகள் மாட்டின் முதுகில் தலைவைத்து நித்திரை கொண்டார்கள். அவர்களுக்கு நடுவில் எங்கள் குழு: இரண்டு லெபனான் பையன்கள், ஒரு சீனப் பெண், ஒரு வியட்நாம் பையன், நாங்கள் இருவர். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் சட்டை. கொட்டகையில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பிறகு சீப்பும் கயிறும் இரவல் தந்தார்கள்.

மணல் பரப்பிய வட்டத்துக்குள் மாட்டைக் கொண்டுபோக ஒருவருக்குத்தான் இடம். யார் என்று ஆசிரியை சொல்லவேண்டியிருக்கவில்லை. நான் கறுப்பனின் வால் நுனியை உருண்டையாகச் சீவிவிட்டு, பின்னங்காலில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

அவளுடைய அம்மா அப்பா வரவில்லை. அவர்களுக்குக் கத்தரிக்காய்க்கு மேல் எதுவும் தெரியாது. என் அப்பா வந்தார். அப்பா வேலைக்கு லீவு போட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றார். என்னைப் பார்க்க வந்திருக்கிறார் என்று எனக்குப் பெருமை. ஆனால் நான் வட்டத்துக்கு வெளியே நிற்க, அவள் உள்ளே நடந்துகொண்டிருந்தாள். அப்பா ஃபோனை எடுத்து அவளைத்தான் வீடியோ பிடித்தார். அவள் சுற்றித் திரும்பும்போது யாரையோ தேடுவதுபோல ஆட்களைப் பார்த்தாள். அப்பா கையை உயர்த்தினார். அவள் முகம் மலர்ந்தது.

மாட்டைக் கையாளும் விதத்துக்கு அவளுக்கு முதல் பரிசு கிடைத்தது. நீல ரிபனோடு வெளியே வந்தபோது அப்பா அவள் தலையில் கை வைத்து, "கெட்டிக்காரி" என்றார்.

அந்தச் சொல்லை அப்பா எனக்குச் சொன்னதே இல்லை என்றில்லை. சொல்லியிருக்கிறார். ஆனால் எனக்குச் சொன்னபோது தலையில் கை வைத்ததில்லை.

மத்தியானம் எனக்கு என் போட்டி. நான்கு மாடுகளைப் பார்த்து, சிறந்ததில் இருந்து வரிசைப்படுத்தி, ஏன் அப்படி என்று ஒலிவாங்கியில் சொல்லவேண்டும். கதைப்பது எனக்கு வரும். முதுகு நேராக இருக்கிறது, தொடையில் சதை ஆழமாக இறங்கியிருக்கிறது, நடையில் தடங்கல் இல்லை என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவளும் அதில் நின்றாள். ஆங்கிலம் தடக்கி, பாதியில் நிறுத்திவிட்டாள். எனக்கு மூன்றாம் இடம். நாட்டுப்புறத்துப் பிள்ளைகளுக்கு நடுவில் மூன்றாம் இடம் சின்ன விஷயம் இல்லை என்று ஆசிரியை கட்டிப்பிடித்தார். நான் கம்பிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அப்பா இல்லை. அம்மாவைக் கடையில் இருந்து கூட்டிவர நேரமாகிவிட்டது என்று போய்விட்டாராம். "அங்கிள் உன்கிட்ட சொல்லச் சொன்னாரு" என்று அவள்தான் வந்து சொன்னாள்.

கறுப்பனை ஏற்றிக்கொண்டு போக லொறி வந்தபோது நான் அழுதேன். வாயைப் பொத்திக்கொண்டு, மூக்கு ஒழுக அழுதேன். அவள் அழவில்லை. கயிற்றைக் கழற்றி, அவன் நெற்றியைத் தடவிவிட்டு, "சரி போ" என்றாள். எங்கள் குழுப் பிள்ளைகள், ஆசிரியை, பக்கத்துக் கொட்டகைக் கிழவர் எல்லாரும் வந்து அவளைச் சுற்றி நின்று தோளில் கை போட்டார்கள். மாடு அவளுடையது என்று எல்லாரும் முடிவு செய்திருந்தார்கள். வாலைக் கழுவியவளைத் தேற்ற ஒருவரும் வரவில்லை. கடைசியில் அவள்தான் வந்து தன் சட்டைக் கையால் என் முகத்தைத் துடைத்தாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வருடக் கடைசியில், மண்டபத்துக்கு வந்து தொப்பி கொடுத்த அந்தப் பெண் திரும்பவும் வந்தார். வடக்கே ஒரு பெரிய மாட்டுப் பண்ணையில் விடுமுறைக்குத் தங்கி வேலை பழக ஒரு பிள்ளையை எடுப்பார்கள் என்றார். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓர் இடம். அவள் தெரிவானாள். அவள் போகமுடியாவிட்டால் நான் என்று ஆசிரியை தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னார்.

இப்போது அவள் வீட்டில் உண்மை தெரியவேண்டி வந்தது. கையெழுத்துக் கேட்டபோது கத்தரிக்காய்க்குள் இருந்து மாடு வெளியே வந்துவிட்டது. பெரிய சண்டை. இரண்டு நாள் அவள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. நான் பயணப் பெட்டியில் என்னென்ன வைப்பது என்று மனதுக்குள் அடுக்கத் தொடங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலால் வந்த கையோடு அவளுடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். நெற்றியில் திருநீறு, கையில் பிரசாதம். அப்பாவுக்கு முன்னால் கதிரை நுனியில் இருந்தார். நான் என் அறைக்குள் போய்க் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டேன்.

"அண்ணா, நீங்க சொன்னா அவ கேப்பாளுங்க. எப்பப் பாத்தாலும் அங்கிள் அப்படிச் சொன்னாரு, இப்படிச் சொன்னாருங்கறா. நாங்க முட்டை கூடத் தொடமாட்டோம். மாட்டுக்கறி வேலைக்குப் போறேன்னு நிக்குறா. நீங்களே சொல்லுங்க, நம்மள மாதிரிக் குடும்பத்துக்கு இது ஆகுங்களா?"

அம்மா குசினியில் பாத்திரத்தை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தமும் நின்றது.

"தங்கச்சி, நான் ஃபூட் கம்பனியில வேலை எண்டு உங்களுக்கு ஆரும் சொல்லியிருப்பினம்" என்றார் அப்பா. "நான் இறைச்சி ஃபக்டரியில வேலை செய்யிறன். மாட்டிறைச்சி வெட்டுறன். வந்த நாளில இருந்து அதுதான் வேலை. இந்த வீட்டு வாடகை, பிள்ளையளின்ர படிப்பு, கோயில் அர்ச்சனை எல்லாம் அதிலதான்."

அவள் அம்மா பிரசாதத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்கட பிள்ளை வெட்டப் போகேல்லை. படிக்கப் போகுது. மாட்டுக்குக் கிட்டப் போனா அந்தப் பிள்ளையின்ர முகத்தைப் பாக்கோணும் நீங்கள். நான் வீடியோ வைச்சிருக்கிறன். அனுப்புங்கோ. போட்டு வரட்டும். பிடிக்கேல்லை எண்டா தானே விட்டிடும்."

அப்பா ஃபோனை எடுத்துக் காட்டினார். மைதானத்தின் இரைச்சல் சின்னதாகக் கேட்டது. அவள் அம்மா நிறைய நேரம் அதைப் பார்த்தார். போகும்போது பிரசாதத்தை அம்மாவின் கையில் கொடுத்து, "வர்றேங்க அக்கா" என்றார். அம்மா வாங்கிக்கொண்டார்.

வாசல் கதவு சாத்தியதும் நான் வெளியே வந்தேன்.

"எனக்காண்டி நீங்கள் ஒரு நாளும் அப்பிடிக் கதைச்சதில்லை" என்றேன்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "என்ன?"

"இவ்வளவு காலம் மறைச்சு வைச்சிருந்தனாங்கள். அவளுக்காண்டி ஒரு நிமிஷத்தில சொல்லிப்போட்டீங்கள். வேலையைப் பற்றி அவளோட கதைக்கிறீங்கள். என்னோட கதைக்கிறேல்லை. வீடியோவில நான் எங்கயாவது இருக்கிறனோ? அவள் போகாட்டி நான்தான் போக இருந்தனான். தெரியுமோ உங்களுக்கு?"

அது அவருக்குத் தெரியாது. முகத்தில் தெரிந்தது. அம்மா குசினி வாசலுக்கு வந்து நின்றார்.

"நீயும் இதுக்குப் போக விரும்பினனியோ?"

"நான்தானே முதல் பேர் குடுத்தனான்."

அப்பா கொஞ்ச நேரம் ஃபோனைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "உனக்கு அப்பிடி ஒரு இடம் இருக்கெண்டு எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை போனா மேல போகும் பிள்ளை. தாய் தகப்பன் படிச்ச ஆக்கள். வழுக்கினாலும் பிடிச்சிடுவினம். நீ போய் வழுக்கினா எங்க வந்து நிப்பாய்? என்ர பக்கத்தில, அந்தக் குளிருக்குள்ள. அதுதான் எனக்குப் பயம். அதாலதான் உன்னட்டை வேலையைப் பற்றிக் கதைக்கிறேல்லை."

அப்பா என்மேல் வைத்த அன்பால் அப்படிச் சொன்னார் என்று அம்மா அன்றிரவு சொன்னார். இருக்கலாம். எனக்குக் கேட்டது வேறு. அவளால் முடியும், உன்னால் முடியாது என்று கேட்டது. இப்போதும் அந்தப் பேச்சை நினைத்தால் சில நாள் அன்பாக இருக்கிறது, சில நாள் மற்றதாக இருக்கிறது.

அவள் போனாள். சிவப்பு மண்ணில் குதிரைமேல் இருந்து படம் அனுப்பினாள். குதிரையை நான் எதிர்பார்க்கவில்லை. குப்புறப் படுத்திருந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவளுக்குச் சாப்பாட்டுக்குத் தினமும் அவித்த உருளைக்கிழங்கும் பீன்ஸும்தான் என்று எழுதியிருந்தாள். அதில் எனக்குச் சின்னச் சந்தோஷம்.

பிறகு அவள் மாட்டுத் தீவன விஞ்ஞானம் படிக்க மலைப்பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள். இப்போது உள்நாட்டில், சந்தைக்கு முன் மாடுகளைத் தானியம் போட்டுக் கொழுக்கவைக்கும் ஒரு பெரிய இடத்தில், எந்த மாட்டுக்கு என்ன சாப்பாடு என்று தீர்மானிப்பது அவள்தான். மண்டபத்தில் அவள் கேட்ட கேள்விக்கு இப்போது அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். இன்னும் முட்டை கூடத் தொடமாட்டாள்.

நான் சிட்னியில் உணவு விஞ்ஞானம் படித்தேன். மற்றவர்கள் பால் மா, பிஸ்கட் என்று போக, நான் இறைச்சிக்குப் போனேன். ஏன் என்று அம்மா அழுது கேட்டார். அப்பா கேட்கவில்லை. நான் தரம் பார்ப்பவள். வெள்ளைக் கோட்டும் தலைவலையும் போட்டு, கையில் டோர்ச்சோடு குளிரறையில் வரிசையாகத் தொங்கும் மாட்டு உடல்களுக்கு நடுவில் நடப்பேன். விலாவில் வெட்டித் திறந்த இறைச்சிப் பரப்பைப் பார்த்து, கொழுப்பு எப்படிப் பின்னியிருக்கிறது, நிறம் என்ன என்று இலக்கம் போடவேண்டும். முதல் நாள் குளிருக்குள் போனபோது பல் கிட்டியது. வெளியே வந்து அப்பாவுக்கு ஃபோன் எடுத்து, "நீங்கள் சொன்ன குளிர் இதுதானோ?" என்று கேட்டேன். "பூட்ஸுக்கு உள்ளுக்கு ரெண்டு சோடி மேஸ் போடு" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

வேலையிடம் தூரம் என்பதால் கிழமை நாட்களில் அங்கேயே தங்கி, சனி ஞாயிறுக்கு லிட்கம் வீட்டுக்கு வருவேன். இடையிடையே என்னையும் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்புகிறார்கள், இந்தத் தொழிலுக்கு வாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்ல. யாருடைய வீட்டில் இந்த வேலை செய்பவர் இருக்கிறார் என்று நான் கேட்பதில்லை. என் அப்பா செய்தார் என்று தொடங்குவேன். போன தடவை அவளும் நானும் ஒரே மேடையில். அவள் கயிற்றில் ஒரு கன்றோடு வந்திருந்தாள். நான் குளிரறைப் படங்களோடு போயிருந்தேன். முடிந்ததும் பிள்ளைகள் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று சொல்லத் தேவையில்லை. நான் ஒலிவாங்கி வயரைச் சுற்றிக்கொண்டு நின்றேன்.

அவளுடைய மாடுகள் சில வேளை எங்கள் தொழிற்சாலைக்குத்தான் வருகின்றன. அவள் போட்ட சாப்பாட்டுக்கு நான் இலக்கம் போடுகிறேன். அங்கே பொறாமைக்கு இடம் கிடையாது. தர அட்டையில் உள்ள படத்தோடு ஒப்பிட்டு, இருப்பதைத்தான் போடமுடியும். பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதுவும் எரிச்சல்தான்.

தோள்மூட்டுத் தேய்ந்து அப்பா வேலையை விட்டுவிட்டார். ஒவ்வொரு ஞாயிறும் பின்னேரம் அவளுக்கு ஃபோன் எடுப்பார். மழை பெய்ததா, தானியம் என்ன விலை, மாடுகள் எப்படி என்று நீளமாகக் கதைப்பார். நான் எப்போதும் அந்த நேரத்தில் குசினியில் ஏதாவது வேலை தேடிக்கொள்வேன். போன ஞாயிறு அப்பா ஃபோனில் சிரித்துச் சிரித்து, "அப்பிடியோ, அப்பிடியோ" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் கையைத் துடைத்துவிட்டு வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

"ஸ்பீக்கரில போடுங்கோ அப்பா" என்றேன்.

அப்பா ஃபோனைப் பிடித்து, எந்தப் பொத்தான் என்று தெரியாமல் தேடினார். நானே அமத்தினேன்.

"...பாருங்க அங்கிள், போன வாரம் அனுப்புன மாட்டுக்கு உங்க பொண்ணு ரொம்பக் குறைச்சுப் போட்டிருக்கா. நல்லா வளர்த்த மாடு அங்கிள். நீங்களே கேளுங்க அவகிட்ட."

"இறைச்சி நிறம் கறுத்துப் போச்சடி" என்றேன். "லொறியில கனநேரம் நிண்டிருக்கும். பயந்திருக்குங்கள். பயந்த மாடெண்டா இறைச்சி கறுக்கும்தானே."

"நீ இருக்கியா?" என்றாள். பிறகு, "அப்ப லாரி நேரத்தத்தான் பாக்கணும். சரி, எத்தன மாடு அப்படி இருந்துச்சு, சொல்லு" என்றாள்.

நான் சொல்லத் தொடங்கினேன். அப்பா ஃபோனை எங்கள் இருவருக்கும் நடுவில் மேசையில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.